தறி ஓடிய தடம் – 16: தொண்ணூற்றாறு கால்மணி

சென்ற இதழை விசைத்தறியின் மோட்டாரோடு நிறுத்தியிருந்தோம். வெண்ணந்தூரிலும் அத்தனூரிலும் ஆட்டையாம்பட்டியிலும் ஓடும் பழைய தறிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. மோட்டார் எத்தனை வேகமாகச் சுற்றும் என்பது தறிக்காரர் கையில் இல்லை. கம்பியில் வரும் மின்சாரத்தின் அதிர்வெண் அதைத் தீர்மானிக்கிறது. நொடிக்கு 50 சுழற்சி இருந்தால் மோட்டாரின் தகட்டில் பொறித்திருக்கும் வேகம் கிடைக்கும். 48.5க்கு இறங்கினால் வேகம் நூற்றுக்கு மூன்று பங்கு குறையும். பத்து மணி நேர ஓட்டத்தில் 18 நிமிட நெசவு அப்படியே போய்விடும். தறி நின்றிருக்காது, பாவு அறுந்திருக்காது, மின்கட்டண அட்டையிலும் அதற்கான தடயம் இருக்காது. மடித்து அளக்கும்போது துணி குறைவாக இருக்கும். கூலியோ மீட்டருக்கு.

1990களில் தென்மண்டல மின்தொகுப்பில் மாலை நேர அதிர்வெண் 49க்குக் கீழே கிடப்பது சாதாரணம். அதைவிடத் தாழ்ந்தால் துணைமின் நிலையத்து ரிலே தானாகவே ஊரைத் துண்டித்துவிடும். மின் உற்பத்தி போதவில்லை என்பதுதான் அக்காலத்தில் சொல்லப்பட்ட காரணம். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. மின்சாரத்தை மொத்தமாக விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த ஏற்பாட்டில் விலை இருந்தது, அளவு இருந்தது, எந்த நேரத்தில் எவ்வளவு என்ற கட்டுப்பாடு இல்லை. நெசவாளியின் அந்தப் பதினெட்டு நிமிடமும் அந்த ஓட்டை வழியாகவே ஒழுகியது என்று நான் கருதுகிறேன். மின்சார ஒப்பந்தத்துக்குள் கடிகாரம் எப்படி நுழைந்தது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

மேட்டூரில் தொடங்க வேண்டும். அணை 1934இல் முடிந்தது. அதன் அடியில் மின்நிலையம் 1937இல் ஓடத் தொடங்கியது. சேலம் சீமைக்கு வந்த முதல் பெரிய மின்சாரம் அதுதான். அந்த மின்நிலையத்துக்குக் கால அட்டவணை வகுத்தது டெல்டாவின் நெல். ஜூன் 12இல் குறுவைக்குத் தண்ணீர் திறப்பது, ஜனவரி 28இல் மூடுவது என்பது மேட்டூரின் மரபு. தண்ணீர் போகிற நாளில் மின்சாரம் தாராளம். மூடிய பிறகு கோடை முழுவதும் ஓடுகிற நீரின் அளவுக்குத்தான் சுழலி சுற்றும். நீலகிரியில் 1932இல் தொடங்கியிருந்த பைக்காராவை மேட்டூரோடு இணைத்தபோது ஒன்றின் குறையை மற்றொன்று தாங்கியது. இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே, சென்னை மாகாண அரசின் மின்சாரத் துறை. 1927இல் அமைந்த துறை அது. தன் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுகிறவருக்கு ஒப்பந்தம் எதற்கு?

சேலம், ஈரோடு நகரங்களில் மட்டும் நிலைமை வேறு. அங்கே சேலம்–ஈரோடு மின் விநியோகக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் கொடுத்துவந்தது. அத்தகைய உரிமதாரர்களுக்கு அரசு மொத்த விலையில் விற்றது. உச்சத் தேவைக்கு ஒரு கட்டணம், யூனிட்டுக்கு ஒரு கட்டணம் என்று இரண்டு அடுக்கு அக்கால மொத்த விற்பனையில் வழக்கம். உச்சத் தேவைக்குக் கட்டணம் வாங்குவதில் நேரத்தைப் பற்றிய உணர்வு மங்கலாக இருக்கிறது என்று சொல்லலாம். நாளை மாலை எவ்வளவு எடுப்பாய் என்று இன்றே கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

1957 ஜூலை 1இல் சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1962இல், நெய்வேலியின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. வாரியம் இன்னொரு நிறுவனத்திடமிருந்து பெரிய அளவில் மின்சாரம் வாங்கத் தொடங்கியது நெய்வேலியிடமிருந்துதான். விற்பவர் மத்திய அரசின் நெய்வேலி லிக்னைட் நிறுவனம். 600 மெகாவாட்டாக வளர்ந்த அந்த முதல் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தமிழ்நாட்டுக்கே உரியது. ஒரே விற்பவர், ஒரே வாங்குபவர். தொலைபேசியில் சொன்னால் கூட்டினார்கள், குறைத்தார்கள். சிக்கல் எழவில்லை.

சிக்கல் கோதாவரிக் கரையிலிருந்து வந்தது. 1983இல் ராமகுண்டம் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் 2,100 மெகாவாட் ஆனது. தேசிய அனல்மின் கழகத்தின் சொத்து அது. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுவை, கோவா என்று பங்கு பிரிக்கப்பட்டது. நெய்வேலியின் இரண்டாம் நிலையமும் அதே மாதிரி பல மாநிலப் பங்கு. நெய்வேலியிலிருந்து சேலம் வழியாக பெங்களூருக்கு 400 கிலோவோல்ட் கம்பி இழுக்கப்பட்டது. சேலம் சமவெளி அதன்பின் தென்னிந்திய மின்சாரத்தின் ஒரு சந்திப்பு. ராசிபுரம் பக்கத்து வயல்களில் நிற்கும் பெரிய கோபுரங்களின் மேலே எந்த மாநிலத்து மின்சாரம் ஓடுகிறது என்று எந்தப் பொறியாளராலும் பிரித்துக் காட்ட முடியாது. எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடும்.

நம் பக்கத்துப் பங்காளிகளின் பொதுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். இறைப்பதற்கு முறை உண்டு. திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர். முறை இல்லாமல் பங்கு மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ராமகுண்டத்தில் அதுதான் ஆனது. தமிழ்நாட்டுக்கு இத்தனை விழுக்காடு என்று தாளில் இருந்தது. கம்பியில் இருந்து எடுப்பதோ அவரவர் தேவைக்கு ஏற்றபடி. மாலை ஆறு மணிக்கு எல்லா மாநிலங்களும் பங்குக்கு மேல் எடுத்தன, அதிர்வெண் விழுந்தது. நள்ளிரவில் யாருக்கும் வேண்டாமல் போனது, அப்போது அதிர்வெண் 50ஐத் தாண்டி எகிறியது. அந்த நேரத்தில் உற்பத்தியைக் குறைக்க அனல்மின் நிலையங்கள் இணங்கவில்லை. ஏனென்றால், அதிக யூனிட் உற்பத்தி செய்தால்தான் அவர்களுக்கு ஊக்கத்தொகை.

1990இல் கே.பி. ராவ் குழு இதை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைப்படி 1992 முதல் தேசிய அனல்மின் கழகத்தின் விலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நிலையத்தைக் கட்டிய கடன், வட்டி, சம்பளம் இவற்றுக்கு நிலைக் கட்டணம். நிலக்கரிக்கு மாறும் கட்டணம். முறை சரியானது. ஆனால், நிலைக் கட்டணத்தை மாநிலங்களுக்குப் பிரித்தது உண்மையில் எடுத்த யூனிட்டின் விகிதத்தில். இரவில் எடுக்காமல் ஒதுங்கிய மாநிலத்துக்கு நிலைக் கட்டணமும் குறைந்தது. அப்போது எடுத்த மாநிலம் மற்றவரின் சுமையையும் தாங்கியது. மாலையில் பங்கைத் தாண்டி எடுத்தவருக்கு அதே சாதாரண விலைதான், தண்டம் இல்லை. நேரம் எதையும் மாற்றாத ஒரு விலை. பெங்களூரில் இருந்த மண்டல மின்சுமை மையம் தன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைத்து ‘குறையுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். சென்னையும் கேட்டது, ஹைதராபாத்தும் கேட்டது, திருவனந்தபுரமும் கேட்டது. கேட்டபடி யாரும் நடக்கவில்லை.

1994இல் வெளிநாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்று இந்திய மின்தொகுப்புக்கு ஒரு புதிய விலை முறையைப் பரிந்துரைத்தது. அதை இந்திய நிலைமைக்கு ஏற்பச் செதுக்கி, பத்தாண்டுக் காலம் விடாமல் வாதாடியவர் பவர்கிரிட் நிறுவனத்தின் பொறியாளர் பானு பூஷண். பிற்பாடு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தார். ஆணையமே 1998இல்தான் அமைந்தது. 2000 ஜனவரி 4இல் அந்த விலை முறையை ஏற்று அது தீர்ப்பு வழங்கியது. மாநிலங்கள், உற்பத்தியாளர்கள் எனப் பல தரப்பும் எதிர்த்தன. மேற்கு மண்டலத்தில் 2002 ஜூலை 1, வடக்கில் 2002 டிசம்பர் 1, தெற்கில் 2003 ஜனவரி 1 என்று ஒவ்வொரு மண்டலமாக அது நடைமுறைக்கு வந்தது.

நம் பக்கத்து மின்சார வரலாற்றில் மேட்டூர் அணைக்கு அடுத்த பெரிய தேதியாக நான் வைப்பது 2003 ஜனவரி 1. அன்று எந்த ரிப்பனும் வெட்டப்படவில்லை, எந்தக் கல்வெட்டும் திறக்கப்படவில்லை. ஆனால், அன்றிலிருந்து ஒரு நாள் என்பது 96 கூறு. ஒவ்வொன்றும் கால்மணி. நள்ளிரவு 12 மணிக்கு முதல் கூறு, மறுநாள் நள்ளிரவில் தொண்ணூற்றாறாவது முடியும்.

அந்த முறையில் ஒரு நாள் எப்படி நடந்தது என்று பார்ப்போம். நாளைக்கு ஒவ்வொரு கால்மணிக்கும் எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்று காலையிலேயே ராமகுண்டமும் நெய்வேலியும் பெங்களூரில் உள்ள தென்மண்டல மின்சுமை பகிர்வு மையத்துக்கு எழுதிக் கொடுக்கும். அது அறிவிக்கப்பட்ட திறன். மையம் அதை ஒவ்வொரு மாநிலத்தின் விழுக்காட்டோடு பெருக்கி, உன் உரிமை இவ்வளவு என்று முற்பகலில் சொல்லும். பிற்பகல் மூன்று மணிக்குள் சென்னை தன் தேவையை எழுதி அனுப்பும். உரிமை முழுவதையும் கேட்கலாம், பாதி போதும் என்றும் சொல்லலாம். மாலையில் முதல் அட்டவணை வரும். இரவு பத்து மணி வரை திருத்தம் கேட்கலாம். பதினொரு மணிக்கு இறுதி அட்டவணை. அதன் பிறகும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. நாள் நடந்துகொண்டிருக்கும்போதே திருத்தம் சொல்லலாம். சொன்ன கால்மணியை ஒன்று என்று எண்ணி ஆறாவது கால்மணியிலிருந்து அது செல்லுபடியாகும். கொதிகலனின் சூட்டை ஏற்றவும் இறக்கவும் அந்த அவகாசம் வேண்டும்.

இதில் பணம் மூன்று தனிப் பாதைகளில் ஓடியது. நிலைக் கட்டணம், உரிமையின் விகிதத்தில். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கட்ட வேண்டும். எரிபொருள் கட்டணம், அட்டவணையில் எழுதிய யூனிட்டுக்கு. அந்த யூனிட்டை உண்மையில் எடுத்தாயா என்பது இங்கே கேள்வியே இல்லை. மூன்றாவதுதான் புதிது. அட்டவணைக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு விலை. அந்த விலையை எந்த அதிகாரியும் நிர்ணயிக்கவில்லை, அந்தக் கால்மணியின் அதிர்வெண் நிர்ணயித்தது. 50.5 இருந்தால் சுழியம். அங்கிருந்து 0.02 குறையக் குறைய 5.6 காசு ஏறும். 49ஐ நெருங்கும்போது யூனிட்டுக்கு 420 காசு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாலை ஏழு மணிக் கூறுக்குத் தமிழ்நாடு 3,000 மெகாவாட் எழுதிக் கொடுத்துவிட்டு 3,100 எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 100 மெகாவாட், கால்மணி நேரம்: 25,000 யூனிட். அதிர்வெண் 49க்குக் கீழே என்றால் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் தண்டம் 1,05,000 ரூபாய். அதே நேரத்தில் அட்டவணைக்கு மேல் 100 மெகாவாட் உற்பத்தி செய்து கொடுத்த மாநிலத்துக்கு அதே தொகை வரவு. அதிர்வெண் காட்டும் மீட்டர் எல்லாத் துணைமின் நிலையத்திலும் இருந்தது. இந்தக் கணத்தில் மின்சாரத்தின் விலை என்ன என்பதை முதல்முறையாக ராமகுண்டத்துக் கட்டுப்பாட்டு அறையும் சென்னை அண்ணா சாலையில் உள்ள மின்வாரியத் தலைமையகமும் ஒரே எண்ணாக ஒரே நேரத்தில் பார்த்தன.

ஏமாற்ற வழி உண்டா? உண்டு. முடியாத திறனை முடியும் என்று எழுதிக் கொடுத்து நிலைக் கட்டணம் வாங்கலாம். விதி அதையும் யோசித்திருந்தது. அறிவித்த திறனை ஓட்டிக் காட்டு என்று மையம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். காட்ட முடியாவிட்டால் முதல் முறை இரண்டு நாள் நிலைக் கட்டணம் பறிபோகும், அடுத்த முறை நான்கு நாள், அதற்கடுத்து எட்டு. திறனைக் குறைத்துச் சொல்லிவிட்டு, விலை ஏறும் நேரத்தில் அதிகமாக ஓட்டி லாபம் பார்ப்பவரையும் விடவில்லை. ஒரு கால்மணியில் 105 விழுக்காட்டைத் தாண்டினாலோ நாள் சராசரி 101ஐத் தாண்டினாலோ விசாரணை. இந்தப் பிரிவுகளைப் படிக்கும்போது எழுதியவர்கள் மனிதர்களை நன்றாக அறிந்தவர்கள் என்று தோன்றுகிறது. மரியாதை வருகிறது.

அதிர்வெண் நிமிர்ந்தது. இரவு உச்சமும் மாலைத் தாழ்வும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. அதே 2003இல் ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கோலார் வரை 1,300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நேர்மின் கம்பியும் செயல்படத் தொடங்கியதால் தெற்குக்கு 2,000 மெகாவாட் கூடுதல் வழி திறந்தது. இரண்டில் எது அதிகம் உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால், அந்தக் கம்பி செயல்படத் தொடங்குமுன்பே, ஜனவரி முதல் வாரத்திலேயே, மாநிலங்களின் நடத்தை மாறியது கட்டணத்தால். வெண்ணந்தூர்த் தறி தகட்டில் பொறித்த வேகத்துக்கு அருகில் ஓடத் தொடங்கிய காலம் இது.

தனியாரோடு செய்த ஒப்பந்தங்களில் கடிகாரம் வேறு மாதிரி இருந்தது. 1990களில் தமிழ்நாடு மின்சார வாரியம் தனியார் நிலையங்களோடு பல நீண்டகால ஒப்பந்தங்களைச் செய்தது. சென்னை பேசின் பிரிட்ஜில் ஜிஎம்ஆர் வாசவி, மதுரையை அடுத்த சமயநல்லூர், நாகைப் பக்கம் பிள்ளைப்பெருமாள்நல்லூர் என்று ஒரு வரிசை. நம் சமவெளிக்கு மிக அருகில் இருந்தது சாமல்பட்டி. அப்போது தருமபுரி, இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். கப்பல்களில் ஓடுவது போன்ற பெரிய எண்ணெய் எஞ்சின்கள் ஏழு, சேர்ந்து சுமார் 106 மெகாவாட், 2001இல் தொடக்கம். தயாராக நின்றாலே நிலைக் கட்டணம், ஓடினால் எண்ணெய்க் கட்டணம். எண்ணெய் விலை ஏறிய ஆண்டுகளில் வாரியம் அவற்றை ஓட்டச் சொல்லவே தயங்கியது. ஓட்டாத எஞ்சினுக்கும் பணம் போனது. ‘கூப்பிடாவிட்டாலும் கூலி’ என்று மக்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. மறுபுறம், மாலை ஆறு மணிக்கு நிச்சயம் ஓட ஒருவர் தயாராக நிற்பதும் ஒரு வேலைதான். அதற்கு என்ன விலை நியாயம் என்பதை அந்த ஒப்பந்தங்கள் சரியாக நிர்ணயிக்கவில்லை. என் குறை அதுதான்.

எந்த நேரத்துக்குள் எவ்வளவு என்ற ஒரே ஒரு வரி எவ்வளவு வலியது என்பதை மகாராஷ்டிரம் காட்டியது. என்ரான் நிறுவனத்தின் தாபோல் நிலையம் ரத்னகிரி மாவட்டத்தில் அரபிக்கடல் ஓரம் இருந்தது. 1993 டிசம்பரில் ஒப்பந்தம், 1999இல் 740 மெகாவாட் முதல் கட்டம். விலையைப் பற்றி நாடே பேசியது. மாநில மின் வாரியம் எதிர்ப்பைத் தொடங்கியது விலையில் அல்ல, கடிகாரத்தில். முழுவதும் குளிர்ந்து நிற்கும் நிலையம், ஓட்டு என்ற உத்தரவு கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் முழுத் திறனுக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2001 ஜனவரி 28இல் வாரியம் ஓட்டச் சொன்னது. மூன்று மணி நேரத்தில் நிலையம் அந்த அளவுக்கு வரவில்லை. தயார் என்று பொய்யாக அறிவித்ததாகச் சொல்லி வாரியம் 401 கோடி ரூபாய் கேட்டது. தாபோல் மறுத்தது. மே மாதம் வாரியம் ஒப்பந்தத்தையே ரத்து செய்வதாக அறிவித்தது. அந்த மாதக் கடைசியில் நிலையம் நின்றது. ஆயிரக்கணக்கான பக்கங்களும் பன்னாட்டு உத்தரவாதங்களும் சேர்ந்து கட்டிய கட்டடத்தில் வாரியத்தின் பொறியாளர்கள் கண்டுபிடித்த பிடி, மூன்று மணி நேரம் என்ற ஒரு சொற்றொடர்.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 2000களின் கடைசியில் தேவை ஓடியது, உற்பத்தி பின்தங்கியது. அட்டவணையை மீறி எடுப்பதையே ஒரு கொள்முதல் வழியாக வாரியம் பயன்படுத்தியது. அதிகபட்ச தண்டம் 2008இல் யூனிட்டுக்கு 10 ரூபாய் வரை உயர்த்தப்பட்ட பிறகும் அது நிற்கவில்லை. பெங்களூர் மையம் மத்திய ஆணையத்தில் முறையிட்டது. எடுக்கவும் கூடாது, விலைக்கு வாங்கவும் பணம் இல்லை, வாங்கினாலும் தெற்குக்குக் கொண்டுவரக் கம்பி இல்லை. மீதம் இருந்தது மின்வெட்டு ஒன்றே. 2008 நவம்பரிலிருந்து பெரிய ஆலைகளுக்குத் தேவையில் 40 விழுக்காடு வெட்டு, மாலை ஆறு முதல் பத்து வரை கடும் கட்டுப்பாடு. 2012 பிப்ரவரியில் சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு நான்கு மணி நேரம் என்று அரசு அறிவித்தது. மாவட்டங்களில் நடந்தது அதைப் போல இருமடங்கும் மும்மடங்கும். விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் 2006இலிருந்து இருந்தது. பின்னாளில் அது 750 ஆகவும் 2023இல் 1,000 ஆகவும் உயர்ந்தது. வராத மின்சாரத்தில் இலவசம் எதற்கு உதவும்? அந்த ஆண்டுகளில் தறியை விற்றுவிட்டுத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போன குடும்பங்கள் நம் ஊர்த் தெருக்களில் உண்டு. அதை வெறும் ‘மின் பற்றாக்குறை’ என்று எழுதிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பற்றாக்குறைக்கு விடையாக 2013இல், வாரியத்தின் இடத்துக்கு வந்திருந்த தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் பதினொரு தனியார் நிறுவனங்களோடு 3,330 மெகாவாட்டுக்குப் பதினைந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. சராசரி விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 91 காசு. நிலையங்களில் பல சத்தீஸ்கரிலும் மற்ற வடமாநிலங்களிலும். ஒப்பந்தம் கையில், மின்சாரம் அங்கே, நடுவில் தென்மண்டலம் நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசையாமல் தனித் தீவாக நின்றது. அட்டவணையில் ஒரு எண்ணை எழுத வேண்டுமானால் அதைச் சுமந்துவரக் கம்பியில் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். 2013 டிசம்பர் 31 இரவு ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாகத் தெற்கு மற்ற மண்டலங்களோடு ஒத்திசைக்கப்பட்டது. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே அதிர்வெண் அன்றுதான் வந்தது. ஆனாலும் வழி அகலப்பட மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. 2015 ஜூனில் ஆலைகள் மீதான கட்டுப்பாடுகள் முழுவதும் நீங்கின.

பற்றாக்குறை தீர்ந்ததும் அட்டவணையின் பிரச்சினை தலைகீழானது. எடுக்க இல்லாத நிலை போய், எடுத்துத் தீராத நிலை வந்தது. தமிழ்நாட்டில் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றில், கொட்டும். முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலிலும் காற்று எழும்பும் நாளில் அனல்மின் நிலையங்களை இறக்க வேண்டும். இறக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. நிலக்கரிக் கொதிகலனில் சுடர் நிலையாக எரிய ஒரு குறைந்தபட்சச் சுமை தேவை. மத்திய நிலையங்களுக்கு அதை 55 விழுக்காடு என்று ஆணையம் 2016இல் நிர்ணயித்தது. அதற்கும் கீழே வேண்டுமென்றால் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்திய அலகு மாலை உச்சத்துக்குத் திரும்ப வராது.

அதே காலத்தில் ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. மாநிலம் அப்போது சூரிய மின்சாரத்துக்குக் கொடுத்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. மலிவான மின்சாரத்தை முதலில் எடு, விலை ஏறுகிற வரிசையில் அடுத்தடுத்து எடு என்பது மின்சுமை மையங்களின் பொதுவிதி. காற்றுக்கும் சூரியனுக்கும் விலக்கு. அவை கட்டாயம் ஓட வேண்டிய நிலையங்கள். தொகுப்பின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம் என்பது தேசிய விதி. ஏழு ரூபாய் மின்சாரத்தை வைத்துக்கொண்டு நிலக்கரியை இறக்குவது கடன்பட்ட கழகத்துக்கு வலித்தது. நண்பகலில் சூரிய நிலையங்களுக்கு ‘பேக் டவுன்’ உத்தரவுகள் தொலைபேசியில் போயின.

சூரிய மின் உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பு வழக்காடியது. 2021 ஆகஸ்ட் 2இல் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தீர்ப்பு சொன்னது. நிறுத்தச் சொன்ன நேரங்களில் தொகுப்பின் அதிர்வெண்ணும் கம்பிகளின் சுமையும் எப்படி இருந்தன என்று தேசிய மின்தொகுப்பு இயக்க நிறுவனம் கால்மணி கால்மணியாக ஆராய்ந்து கொடுத்திருந்தது. பாதுகாப்புக் காரணம் பெரும்பாலான நேரங்களில் தென்படவில்லை. 2017 மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை இழந்த யூனிட்டுகளுக்கு ஒப்பந்த விலையில் 75 விழுக்காடு, 9 விழுக்காடு வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2003இல் மாநிலங்களைக் கட்டுப்படுத்த வந்த அந்தக் கால்மணிப் பதிவு, தொலைபேசியில் சொல்லப்பட்ட ஒரு வாய்மொழி உத்தரவுக்கு எதிராக நான்கு ஆண்டு கழித்தும் சாட்சி சொல்ல முடிந்தது. வாங்குபவரும் நிறுத்தச் சொல்பவரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்று பலர் கேட்டுவருவதற்கு இந்த வழக்கு போதுமான காரணம் என்பது என் எண்ணம்.

விதிகள் தொடர்ந்து மாறின. அதிர்வெண்ணோடு விலையைக் கட்டிய முடிச்சை 2022 டிசம்பரில் ஆணையம் அவிழ்த்துப் பார்த்தது. அதிர்வெண் தடுமாறியது, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே திருத்தம் வந்தது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புதிய தொகுப்பு விதி நாளின் நேரங்களையே இடம் மாற்றியது. முன்பு பிற்பகல் மூன்று மணி வரை காத்திருந்த வேலை இப்போது விடிந்ததும் முடிகிறது. ஆறு மணிக்குள் நிலையங்கள் திறனை அறிவிக்க வேண்டும், ஏழு மணிக்கு உரிமை தெரியும், எட்டு மணிக்குள் மாநிலம் தன் தேவையை எழுத வேண்டும். முற்பகலில் மின்சந்தை திறப்பதற்குள் யாரிடம் எவ்வளவு மிச்சம், யாருக்கு எவ்வளவு பற்றாது என்பது தெரிந்துவிட வேண்டும் என்பதே நோக்கம்.

அந்தச் சந்தை 2008 ஜூன் 27இல் தொடங்கியது. அங்கே ஒப்பந்தமே ஒரு நாளுக்குத்தான். 2020 ஜூனிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை ஏலம் நடக்கும் இன்னொரு சந்தையும் சேர்ந்தது. நம் பக்கத்து நூற்பாலைகள் அதில் வாங்கிய கதையும், அதைத் தடுக்க மாநிலம் எடுத்த நடவடிக்கைகளும் அடுத்த இதழில்.

(தொடரும்)